ஒன்ராறியோவில் வீட்டில் பிள்ளை பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் கூடுதலாகப் பிழைவிடும் இடம் அதுதான்.

ஒன்ராறியோவில் லைசன்ஸ் இல்லாமலும் உங்கள் வீட்டில் மற்றவர்களுடைய பிள்ளைகளைப் பார்க்கலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் ஐந்து பேருக்கு மேல் இருக்கக்கூடாது. அதிலும் இரண்டு வயதுக்குக் கீழே மூன்று பேருக்கு மேல் கூடாது. உங்கள் சொந்தப் பிள்ளைக்கு நாலு வயது ஆகவில்லை என்றால் அந்தப் பிள்ளையும் கணக்கில் சேரும். வீட்டில் பிள்ளை பார்ப்பவர்களைச் சேர்த்து மேற்பார்வை செய்யும், லைசன்ஸ் உள்ள ஒரு ஏஜென்சியின் கீழ் சேர்ந்தால் ஐந்து ஆறாகும். இரண்டு வயதுக்குக் கீழே மூன்று என்பது மாறாது.

"வீட்டில் மாமியும் நிற்கிறா, தங்கச்சியும் நிற்கிறா. ஆளுக்கு ஐந்து என்று எடுக்கலாம்தானே?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். லைசன்ஸ் இல்லாத வீட்டில் எத்தனை பெரியவர்கள் நின்றாலும் ஐந்து ஐந்துதான். மீறினால் 250,000 டொலர் வரை அபராதமும் ஒரு வருடம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது.

இந்தக் கண்டிப்பு சும்மா வரவில்லை. 2013 ஜூலையில் வோன் நகரில் லைசன்ஸ் இல்லாத ஒரு வீட்டுப் பராமரிப்பில், இரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று வெயிலில் நின்ற காருக்குள் விடப்பட்டு இறந்துபோனது. அந்த வீட்டில் அளவுக்கு மிஞ்சிப் பிள்ளைகள் இருந்தார்கள். அதைப் பற்றி மாகாணக் கல்வி அமைச்சுக்கு முன்பே முறைப்பாடுகளும் போயிருந்தன. அடுத்த வருடம் அரசு அலுவலகங்கள் மேல் வரும் முறைப்பாடுகளைப் பார்க்கும் மாகாண ஒம்புட்ஸ்மன் அந்திரே மாறின் விசாரித்து 113 பரிந்துரைகளோடு அறிக்கை வெளியிட்டார். அதே 2014 இல் நிறைவேறி, 2015 ஓகஸ்ட் 31 இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் இன்று எங்களை ஆள்கிறது. பழைய சட்டத்தில் சொந்தப் பிள்ளைகள் கணக்கிலேயே வரவில்லை. பிள்ளைகளை எண்ணும்போது "ஒன்றுதானே கூட" என்று மனம் சொல்லும். அந்த வேளையில் காருக்குள் இறந்துபோன அந்தப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, லைசன்ஸ். வீட்டில் பிள்ளை பார்ப்பவருக்கு அமைச்சு நேரே லைசன்ஸ் கொடுப்பதில்லை. கல்வி அமைச்சின் லைசன்ஸ் ஏஜென்சியிடம் இருக்கும். நீங்கள் ஏஜென்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு சுயதொழிலாக நடத்துவீர்கள். எந்த ஏஜென்சிக்கு லைசன்ஸ் உண்டு, பரிசோதனையில் என்ன குறை கண்டார்கள் என்பதெல்லாம் மாகாண அரசின் இணையத்தளத்தில் இருக்கிறது. கையெழுத்து வைக்கமுன் அதை வாசியுங்கள். அப்புறம் நேரே கேளுங்கள்: பெற்றோர் கட்டும் காசில் என் கைக்கு எவ்வளவு வரும்? பிள்ளைகளை நீங்கள் அனுப்புவீர்களா, நானே தேட வேண்டுமா? தொட்டில், இரட்டை ஸ்ட்ரோலர் இரவல் தருவீர்களா? எனக்குச் சுகமில்லாத நாளில் பிள்ளைகள் எங்கே போவார்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத ஏஜென்சியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஏஜென்சி இல்லாமல் நடத்தினால் "இது ஒன்ராறியோ அரசின் லைசன்ஸ் பெறாதது" என்று பெற்றோருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். காசு விஷயத்திலும் ஏஜென்சி பக்கமே நல்லது. பிள்ளைப் பராமரிப்புக் கட்டணத்தைக் குறைக்கும் மத்திய அரசின் திட்டத்தில் சேர்ந்த லைசன்ஸ் உள்ள இடங்களில் 2025 ஜனவரி முதல் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 22 டொலருக்கு மேல் வாங்கக்கூடாது. மிச்சத்தை அரசு கொடுக்கும். அந்த வசதி லைசன்ஸ் இல்லாத வீட்டுக்குக் கிடையாது.

இனி வீட்டு ஆட்கள். ஏஜென்சிக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தில் உங்கள் பெயர்தான் இருக்கும். ஆனால் பார்க்கப்படுவது முழு வீடும். உங்களுக்கும், வீட்டில் வசிக்கும் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும், பிள்ளைகள், முதியவர்கள் போன்ற பலவீனமானவர்களோடு வேலை செய்கிறவர்களுக்கான பொலிஸ் சோதனை வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். இடையில் ஒவ்வொரு வருடமும் குற்றம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பொலிஸ் சோதனையின் முடிவு வர நாளாகும். ஆகவே எல்லாவற்றுக்கும் முதல் இதற்குப் போடுங்கள். பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவர் உங்கள் சமையலறைக்கு வந்துபோகிறவர் என்றால் அவரைப் பற்றி முதல் நாளே ஏஜென்சியிடம் சொல்லுங்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து ஆறு மாதம் நிற்கப்போகிறார்கள் என்றாலும் அவர்கள் பிளேன் ஏறமுன் சொல்லிவிடுங்கள்.

புகைக்கிறவர் வீட்டில் இருந்தால் அவரோடு உட்கார்ந்து கதைக்க வேண்டும். வீட்டுக்குள் புகைக்கவோ வேப் பண்ணவோ கூடாது. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகும், சனி ஞாயிறிலும் கூடாது. அவர் சம்மதிக்காவிட்டால் இந்தத் தொழில் அந்த வீட்டுக்குச் சரிவராது.

மாமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாமி ஐந்து பிள்ளை பெற்று வளர்த்தவராக இருக்கலாம், உங்களைவிடக் கெட்டிக்காரியாகவும் இருக்கலாம். ஆனாலும் ஏஜென்சி ஏற்றுக்கொண்ட மாற்று ஆளாக அவர் பெயர் இல்லையென்றால், பத்து நிமிடத்துக்கும் அவரிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பால் வாங்கப் போகக்கூடாது. பெற்றோர் நம்பி விட்டது உங்களிடம். உங்களுக்கு உண்மையில் ஒரு மாற்று ஆள் வேண்டும். அவருக்கும் பொலிஸ் சோதனை முதலாய் எல்லாம் செய்வித்து, முன்கூட்டியே பெயரைக் கொடுத்து வையுங்கள். பல் வலி சொல்லிக்கொண்டு வராது.

முதலுதவிச் சான்றிதழில், குழந்தைகளுக்கும் கைக்குழந்தைகளுக்குமான சிபிஆர் (மூச்சோ இதயமோ நின்றால் செய்யும் உதவி) சேர்ந்திருக்க வேண்டும். செஞ்சிலுவைச் சங்கமும் சென்ற் ஜோன் அம்புலன்ஸும் நடத்துகின்றன. வேலையிடங்களுக்கான சாதாரண வகுப்பில் மாறிச் சேர்ந்துவிடாமல் பதியும்போதே கேளுங்கள். டொக்டரிடம் உடல்நலச் சான்றும் தடுப்பூசி விபரமும் எடுக்க வேண்டும். ஊரில் போட்ட ஊசிகளின் அட்டை இல்லாவிட்டால் இரத்தப் பரிசோதனையில் பார்க்கலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

வீட்டைத் தயார்செய்யும்போது சொந்தக்காரர் அன்பாகக் கொண்டுவந்து தரும் பழைய சாமான்களில் கவனம். ஒருபக்கக் கம்பியை ஏற்றி இறக்கும் தொட்டில் 2016 டிசம்பரிலிருந்து கனடாவில் தடை. சில்லு வைத்த குழந்தை நடைவண்டி 2004 இலேயே தடை. கராஜ் சேலில் விற்பதும் குற்றம். ஊரிலிருந்து பெட்டியில் வந்தாலும் அது உங்கள் வீட்டில் நிற்கக்கூடாது. சாமியறை விளக்கை உயரத்தில் ஏற்றுங்கள், அல்லது பிள்ளைகள் வரமுன் ஏற்றி அணைத்துவிடுங்கள். படிக்கட்டின் மேலும் கீழும் கேற் வேண்டும். அப்பாவின் பிரஷர் மருந்து, கைப்பைக்குள் கிடக்கும் பனடோல் எல்லாம் பூட்டுக்குள்.

தீப்பயிற்சியை நான் மாதம் ஒருமுறை செய்கிறேன். அலாரத்தை அடிக்கவிட்டு எல்லாரையும் வாசலுக்குக் கொண்டுவந்து, திகதியும் நேரமும் எழுதி வைப்பேன். நடக்காத பிள்ளைகள் இரண்டு, நடந்தும் எதிர்ப்பக்கம் ஓடுகிற பிள்ளை ஒன்று, சப்பாத்து வேண்டுமென்று அழுகிற பிள்ளை ஒன்று. அந்த வாசலில் நின்றால் மூன்று, ஆறு என்ற எண்கள் ஏன் என்று விளங்கும். பெரிய டேகெயர்களில் 18 மாதத்துக்குக் குறைந்த பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று பேர் வேண்டும். அங்கே கூப்பிட்டால் பக்கத்து அறையிலிருந்து ஆள் வரும். உங்கள் வீட்டில் நீங்கள் ஒருவர்தான்.

சாப்பாடு பற்றி நான் விரிவாகச் சொல்வேன், ஏனென்றால் எங்கள் பழக்கம் சட்டத்தோடு நேரே முட்டுவது இங்கேதான். பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாகச் சாப்பிடவோ குடிக்கவோ வைப்பது தடை செய்யப்பட்ட நடத்தைகளில் ஒன்று. அடிப்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. நாங்கள் எல்லாரும் மடியில் வைத்து, நிலாவைக் காட்டி, வாயைத் திறக்கப்பண்ணி ஊட்டி வளர்ந்தவர்கள்தான். ஆனால் தலையைத் திருப்புகிற பிள்ளையின் தாடையைப் பிடித்து அடுத்த வாய் வைத்தால் அது அன்பாகக் கணக்கில் வராது. என்னிடம் வந்த ஒரு பையன் கரண்டியைக் கண்டாலே உதட்டை மடித்து உள்ளே இழுத்துக்கொள்வான். அவனுடைய அம்மம்மா தினமும் பின்னேரம் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு சாப்பிட்டவன்?" நான் சோற்றையும் பருப்பையும் குழைத்துச் சின்னச் சின்ன உருண்டையாகத் தட்டில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்து என் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். முதல் கிழமை பாதி நிலத்தில்தான். அம்மம்மாவுக்கு உள்ளதை உள்ளபடியே சொன்னேன்: இன்றைக்கு இரண்டு உருண்டை, ஒரு துண்டு வாழைப்பழம். பிறகு அவனாகவே எடுக்கத் தொடங்கினான். சேர்க்கும் நாளிலேயே பெற்றோரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: வைப்பேன், கூட இருப்பேன், திணிக்கமாட்டேன். உயர் நாற்காலியில் கட்டி வைத்துத் தண்டிப்பதும், சாப்பாட்டையோ ரொய்லெற்றையோ மறுப்பதும், வெட்கப்படுத்திக் கதைப்பதும்கூடத் தடைதான்.

நித்திரைக்கு வந்தால், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையை நிமிர்த்தித்தான் கிடத்த வேண்டும். தலையணை வேண்டாம், மென்மையான பொம்மையும் வேண்டாம். ஏணையும் வேண்டாம். கமரா இருக்கிறதே என்று சமையலறையில் நிற்கக்கூடாது. இடைக்கிடை போய்ப் பக்கத்தில் நின்று மூச்சையும் நிறத்தையும் பார்க்க வேண்டும். ஆறு மணித்தியாலமோ அதற்கு மேலோ நிற்கும் பிள்ளைகளுக்கு, காலநிலை விட்டால், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வெளி விளையாட்டு உண்டு. மருந்து என்றால் பெற்றோரின் எழுத்து வேண்டும், மருந்து அதன் சொந்தப் போத்தலில் இருக்க வேண்டும். "கிரைப் வாட்டர்தானே அக்கா" என்றாலும் எழுதி வாங்குங்கள்.

ஒரு பிள்ளைக்கு வீட்டில் தீங்கு நடக்கிறதோ என்று நியாயமான சந்தேகம் வந்தால் சிறுவர் உதவிச் சங்கத்துக்கு நீங்களே அறிவிக்க வேண்டும். ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டேன் என்று இருந்துவிட முடியாது. தெரிந்த குடும்பம், ஒரே கோயில், ஒரே ஊர் என்ற தயக்கம் வரும். எனக்கும் அது விளங்கும். சட்டம் அதற்கு இடம் வைக்கவில்லை, வைத்திருக்கவும் கூடாது.

ஏஜென்சியிலிருந்து ஹோம் விசிட்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சொல்லாமல் வருவார். வந்தால் வீட்டை ஒதுக்க ஓடவேண்டாம். விளையாட்டுச் சாமான் பரவிக் கிடப்பது குறை இல்லை. அவர் கேட்பது வரவுப் பதிவு, ஒவ்வாமை விபரம், எப்பிபென் (கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் ஊசி) இருக்கும் இடம், பெற்றோரின் அவசரத் தொலைபேசி இலக்கங்கள். பிள்ளை வந்த நேரத்தையும் போன நேரத்தையும் அந்த நிமிடமே எழுதுங்கள். இரவில் இருந்து நினைவில் எழுதினால் பிழைக்கும்.

கடைசியாக வரி. வீட்டு மின்சாரத்திலும் வாடகையிலும் தொழிலுக்கான பங்கைச் செலவாகக் காட்டலாம். சாப்பாட்டுச் சாமான் வாங்கிய ரிசீற்றுகளைத் தனி உறையில் போட்டு வையுங்கள். பெற்றோர் காசை நேரே உங்களிடம் கட்டினால் அவர்கள் வரியில் காட்டுவதற்கு உங்கள் சமூகக் காப்புறுதி இலக்கத்தோடு ரிசீற் கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும். வீட்டு இன்சூரன்ஸ்காரரிடமும் பிள்ளைகள் வரத் தொடங்கமுன் இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்லி, சேர்த்துக்கொண்டதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.