பழைய காம்போ ஆர்கனில் தேய்ந்த கட்டைகளை மாற்றுவது எப்படி?

மெல்லிசைக் குழுக்காரர்கள் 'காம்போ ஆர்கன்' என்று சொல்வது 1960களில் வந்த டிரான்சிஸ்டர் ஆர்கன்களை. இங்கிலாந்தின் வாக்ஸ் கான்டினென்டல் ஒன்று, இத்தாலியின் ஃபர்ஃபிசா காம்பேக்ட் இன்னொன்று. என் மேசையில் இருப்பது காம்பேக்ட். அக்கார்டியன் செய்துகொண்டிருந்தவர்கள் கூடி உண்டாக்கிய கம்பெனி ஃபர்ஃபிசா. மொத்தம் 61 கட்டைகள்: 36 வெள்ளை, 25 கறுப்பு. (ஹார்மோனியப் பழக்கத்தில் 'கீ'யைக் கட்டை என்றே எழுதுகிறேன்.)

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சத்தம் வரவில்லை, கரகரக்கிறது என்றால் அது கட்டையின் குற்றமில்லை, அடியிலுள்ள கான்டாக்டில் (கட்டையை அமுக்கும்போது மின் இணைப்புத் தரும் கம்பி) சேர்ந்த அழுக்கு. முனை உடைந்திருந்தாலோ, விரல் படும் இடம் குழிந்திருந்தாலோ, கீல் பக்கம் விரிசல் விட்டிருந்தாலோதான் மாற்ற வேண்டும்.

புதுக் கட்டைக்கு எங்கே போவது? பெரும்பாலும் எங்கும் போக வேண்டாம். வாசிப்பவர் கை நடு ஆக்டேவ்களிலேயே கிடக்கும். வலது கடைசி ஆக்டேவ் ஐம்பது வருடமாகியும் புதுசு மாதிரியே இருக்கும். அங்கிருப்பதை நடுவுக்குக் கொண்டுவந்து, தேய்ந்ததை அங்கே அனுப்பிவிடலாம். இடது ஓரத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். அது பேஸ் ஆக்டேவ், நிறம் தலைகீழாக இருக்கும். சில மாடல்களில் அதற்கடுத்த ஆக்டேவும் சாம்பல் நிறம். ஒரு முறை உதிரிக் கட்டைகள் என்று ஒரு பெட்டி வாங்கி வந்தேன். திறந்தால் பாதிக்கு மேல் பேஸ் கட்டை. இன்னும் பரணில்தான் இருக்கிறது.

இனி வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் சும்மா விடுங்கள். அதன் பிறகும் பவர் சப்ளைப் பக்கம் கை வைக்காதீர்கள். பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் மிச்சமிருக்கலாம். மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, எது எங்கிருந்து வந்தது என்று எழுதிய காகிதத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிவிடுங்கள். நாலைந்து போட்டோவும் எடுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு கட்டையின் அடியிலும் பென்சிலால் எண் போடுங்கள். சோம்பல் பட வேண்டாம், காரணம் இருக்கிறது. வெள்ளைக் கட்டைகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கறுப்புக்கு இடம் விடும் வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு. பென்சில் எண்ணை விட்டுவிட்டு சுருதிக் கணக்கில் சொன்னால் (1 என்பது C, 2 D, 3 E, 4 F, 5 G, 6 A, 7 B), 1 கட்டைக்கும் 4 கட்டைக்கும் வலப்பக்கம் மட்டும் வெட்டு. 3க்கும் 7க்கும் இடப்பக்கம் மட்டும். 2, 5, 6 மூன்றுக்கும் இருபக்கமும். இதில் 2 மட்டும் இரண்டு பக்கமும் சமம். 5ம் 6ம் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று எதிர். நான் முதல் தடவை அந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு, ஐந்தரைக் கட்டை (அவற்றுக்கு நடுவிலுள்ள கறுப்பு) ஏன் உரசுகிறது என்று ஒரு சாயங்காலம் முழுக்க ஸ்பிரிங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். வலது கோடியில் தனியாக நிற்கும் கடைசிக் கட்டைக்கு வெட்டே கிடையாது. அது வேறெங்கும் பொருந்தாது, விட்டுவிடுங்கள்.

கழற்றும் விதம் மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் பின்னால் ஸ்க்ரூ இருக்கும், சிலவற்றை ஸ்பிரிங் மட்டுமே இழுத்துப் பிடித்திருக்கும். எதுவானாலும் முதலில் பின்பக்கத்தைக் கவனியுங்கள், மேலே இழுத்துப் பார்க்காதீர்கள். பக்கத்துக் கறுப்பை முதலில் எடுத்தால் வெள்ளையைக் கழற்ற இடம் கிடைக்கும். ஸ்பிரிங் கொக்கியை விடுவிக்க குரோஷா ஊசி போல நல்ல கருவி கிடையாது. இன்னொரு கையால் ஸ்பிரிங் மேல் ஒரு துணியைப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பறந்துவிடும். பறந்து சர்க்யூட் போர்டுக்குள் விழுந்தால், கண்டெடுக்கும் வரை ஆர்கனை ஆன் செய்யவே கூடாது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஸ்பிரிங் இழுவை வேறாக இருக்கலாம், தனித்தனி டப்பாவில் போடுங்கள்.

இப்போது தலைமுடி மாதிரி மெல்லிய கம்பிகள் கண்ணில் படும். அவைதான் கான்டாக்ட். வளைத்துவிட்டால் கட்டை வேலையை விடப் பெரிய வேலையாகிவிடும். அழுக்காக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் நீளவாக்கில் லேசாகத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மேல் பூச்சு போய்விடும்.

கட்டைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு ராத்திரி நிழலில் உலர்த்துங்கள். தின்னர் பட்டால் பிளாஸ்டிக் இளகிவிடும். மஞ்சள் போக பெராக்சைடு தடவி வெயிலில் வைப்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை, பழைய பிளாஸ்டிக் நொறுங்கும் பயம்.

மாட்டும்போது அடியிலுள்ள ஃபெல்ட்டைப் பாருங்கள். நசுங்கியிருந்தால் அதே தடிமனில் புதிது ஒட்டுங்கள். கட்டைகளின் உயரம் ஏறி இறங்கி இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு. இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு விசிட்டிங் கார்டை விட்டு இழுங்கள். தடையில்லாமல் வந்தால் சரி, சிக்கினால் கட்டை சாய்ந்திருக்கிறது.

மூடியைப் போடும் முன் எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக அமுக்கி விட்டுப் பாருங்கள். சட்டென்று எழும்பாமல் சோம்பலாக எழுந்தால் ஸ்பிரிங் கொக்கி சரியாக மாட்டவில்லை. அப்புறம் மூடியைப் பொருத்திவிட்டு ஆன் செய்து, ஒரே ஒரு ஸ்டாப்பை (ஒலி வகையைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச்) மட்டும் போட்டு, கீழிருந்து மேலாக ஒவ்வொரு கட்டையாக வாசியுங்கள். எல்லா ஸ்டாப்பையும் போட்டால் ஒன்று ஊமையாக இருப்பது காதுக்குத் தெரியாது.