புது கார்: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

"ஆன்ரோடு விலை" (வண்டி சாலைக்கு வரும்வரை ஆகும் மொத்தச் செலவு) என்று டீலர் ஒரே தொகையாகச் சொன்னால் ஏற்காதீர்கள். எக்ஸ் ஷோரூம் விலை (பதிவு, சாலை வரி, இன்சூரன்ஸ் சேராத வண்டி விலை), சாலை வரி, இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், ஆக்சஸரீஸ் எனத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அதிகம் ஏமாறுவது இன்சூரன்ஸில்தான். "எங்களிடம் எடுத்தால்தான் டிஸ்கவுண்ட்" என்பார்கள் டீலர்கள். அந்தக் கட்டாயம் சட்டத்தில் இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு 3 ஆண்டு, சொந்தச் சேதத்துக்கு 1 ஆண்டு, அதே ஐடிவி (வண்டிக்குக் காப்பீட்டில் குறிக்கும் மதிப்பு), அதே ஆட்ஆன்கள் (கூடுதல் பாதுகாப்புகள்) என்று வெளியே விலை கேட்டு ஒப்பிடுங்கள். ஐடிவியைக் குறைத்து பிரீமியத்தை மலிவாகக் காட்டுவது பழைய தந்திரம்.

பில்லில் "ஹேண்ட்லிங் சார்ஜ்" (வண்டியைக் கையாளும் கட்டணம்) இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1% டிசிஎஸ் (விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) நியாயமானது. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

முழுப்பணம் கட்டுவதற்கும் பதிவுக்கும் முன்பே, பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பாருங்கள். உங்கள் பெயரில் பதிவானபின் மாற்றித் தருவது அநேகமாக நடக்காது. சேஸிஸ் எண்ணை (வண்டியின் உடலில் பொறித்த அடையாள எண்) படம் எடுத்து, படிவம் 22-இல் (தயாரிப்பாளர் தரும் சான்றிதழ்) உள்ள எண்ணோடும் தயாரிப்பு மாதத்தோடும் சரிபாருங்கள். டயரில் தயாரிப்புத் தேதியைக் காட்டும் 4 இலக்கத்தில், முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். போன வருட வண்டி என்றால் கூடுதல் தள்ளுபடி கேளுங்கள். மறுவிற்பனையில் தயாரிப்பு ஆண்டுதான் கணக்கு.

முன்பணத்தை டீலர் நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதும் ரசீதிலேயே இருக்கட்டும்.