எண்ணூர்ச் சாம்பலும் இரண்டு லட்சமும்: கூட்டு ஆய்வுக்கு விதை நிதி கேட்பது எப்படி?

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். கைப்பையில் பத்துச் சின்னக் குப்பிகளோடு மாதம் இரண்டு முறை நான் போகும் வழி இது. குப்பிகளில் இருப்பது ஜியோலைட் என்ற நுண்துளைப் படிகப் பொடி. அனல்மின் நிலையச் சாம்பலிலிருந்து எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் செய்தது. எங்களிடம் மஃபிள் ஃபர்னஸ் என்ற மின் உலை உண்டு, கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் யு.வி. ஸ்பெக்ட்ரோமீட்டர் உண்டு. பொடியில் என்ன படிகம் இருக்கிறது என்று எக்ஸ் கதிரால் கண்டுபிடிக்கும் எக்ஸ்.ஆர்.டி. கிடையாது. அது கிண்டியில், இன்னொரு பல்கலைக்கழகத்து நண்பரின் துறையில் இருக்கிறது. இந்தப் போக்குவரத்துக்கும் பொடிக்கும் சேர்த்துச் செலவு செய்தது இரண்டு லட்ச ரூபாய் விதை நிதி, அதாவது ஆய்வைத் தொடங்கிவைக்கத் தரும் சிறு தொகையான சீட் மணி.

வடசென்னைக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்கள் சிலர், "சார், இதற்கெல்லாம் எப்படி அப்ளை பண்ணுவது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

படி 1: எதற்கான பணம் என்று புரிந்துகொள்ளுங்கள்

விதைநெல்லை யாரும் உலையில் போடுவதில்லை. அடுத்த போகத்துக்காக எடுத்து வைப்பது அது. சீட் மணியும் அப்படித்தான். இந்தப் பணத்தில் ஆராய்ச்சியை முடித்துவிட முடியாது. இதை வைத்து ஒரே ஒரு சந்தேகத்தைத் தீர்த்து, அந்த முடிவைக் காட்டிப் பெரிய நிதி கேட்க வேண்டும். கொடுப்பவர்கள் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான்.

இது புரியாமல் நான் எழுதிய முதல் விண்ணப்பத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. "பல்பயன் நானோ கலவை" என்று தலைப்பு. தண்ணீரைச் சுத்தம் செய்யும், பேட்டரிக்கு ஆகும், கிருமியைக் கொல்லும் என்று எல்லாவற்றையும் அடுக்கியிருந்தேன். நிராகரித்தவர் எழுதியது ஒரே வரி: எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள்?

படி 2: கேள்வியைச் சுருக்குங்கள்

அகல உழுவதை விட ஆழ உழு என்பார்கள். நேரம் அதிகம் செலவிட வேண்டிய படி இதுதான்.

எங்கள் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். எண்ணூரை அடுத்த அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200 மெகாவாட். பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட். நிலக்கரி எரிந்தால் சாம்பல் வந்துதானே ஆக வேண்டும்? அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காவும் அலுமினாவும். ஜியோலைட்டுக்கு வேண்டிய மூலப்பொருளும் அவைதான். சாம்பலைக் காஸ்டிக் சோடாவோடு கலந்து 550 டிகிரி அளவில் உருக்கி, ஆறியதும் தண்ணீரில் கரைத்து, 90 முதல் 100 டிகிரியில் பல மணி நேரம் வைத்தால் ஜியோலைட் படிகங்கள் உருவாகும். அவற்றின் நுண்துளைகளில் சோடியம் அயனிகள் தளர்வாக உட்கார்ந்திருக்கும். தண்ணீரில் அம்மோனியம் இருந்தால் சோடியம் வெளியே வந்து அம்மோனியத்துக்கு இடம் விடும்.

இதுவரை சொன்னது பழைய சேதி. உலகம் முழுக்க செய்து பார்த்துவிட்டார்கள். இதையே மறுபடி செய்கிறேன் என்றால் யாரும் பணம் தரமாட்டார்கள்.

நம் ஊர்த் தண்ணீரைப் பாருங்கள். பக்கிங்காம் கால்வாயில் சாக்கடை கலப்பதால் அம்மோனியம் இருக்கிறது. எண்ணூர் முகத்துவாரத்தை நெருங்க நெருங்கக் கடல் ஏற்றத்தோடு உப்பும் ஏறும். உப்பு என்றால் சோடியம். வெளியே வர வேண்டிய சோடியமே தண்ணீரில் ஏராளமாக இருந்தால் ஜியோலைட் அம்மோனியத்தை எவ்வளவு பிடிக்கும்? எங்கள் கேள்வி இவ்வளவுதான். வருஷம் ஒன்றில் விடை காணலாம், விடை "பிடிக்காது" என்று வந்தாலும் உபயோகம் உண்டு. உங்கள் கேள்வியும் ஒரு வாக்கியத்தில் அடங்க வேண்டும், கடைசியில் கேள்விக்குறி போட முடிய வேண்டும்.

படி 3: கூட்டாளியைப் பிடியுங்கள்

பெரிய பெயராகத் தேடாதீர்கள். உங்களிடம் இல்லாத கருவி, உங்களுக்குத் தெரியாத வேலை, ஃபோன் எடுக்கும் பழக்கம், இந்த மூன்றும் இருப்பவர் போதும். மூன்றாவதுதான் முக்கியம் என்பது என் அனுபவம்.

முதல் சந்திப்பிலேயே ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: பொடியை யார் செய்வது, அளவீடு யார் பார்ப்பது, கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, தரவு யாரிடம் இருக்கும். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் கட்டுரை எழுதி முடித்த பிறகு கேட்பது இதைவிடச் சங்கடம். பல்கலைக்கழகங்களுக்கிடையே முறையான ஒப்பந்தம் தேவைப்பட்டால் அது பல மேசைகளைத் தாண்ட வேண்டும். கடைசித் தேதிக்கு முந்தின வாரம் தொடங்கினால் நடக்காது.

இன்னொன்று. ஒரு பொடியாவது செய்து, நண்பர் தயவில் ஒரே ஒரு எக்ஸ்.ஆர்.டி. வரைபடமாவது எடுத்து விண்ணப்பத்தில் வையுங்கள். சாம்பலில் இருந்த குவார்ட்ஸ், முல்லைட் ஆகிய கனிமங்களின் சிகரங்கள் குறைந்து ஜியோலைட்டின் சிகரங்கள் எழுந்திருப்பதைக் காட்டும் ஒரு படம் பத்துப் பக்கப் பேச்சுக்குச் சமம்.

படி 4: எங்கே கேட்பது?

முதலில் உங்கள் வீட்டு வாசலில். கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில், ஆசிரியர்களுக்கு நிறுவனம் சீட் மணி கொடுத்ததா என்று பார்க்கும் அளவுகோல் உண்டு. அதனால் பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் இதற்கென்று ஒரு தொகை வைத்திருப்பது வழக்கம். உங்கள் கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி.யின் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்க ஆளில்லாமல் கிடக்கும் பணமும் உண்டு.

வெளியே என்றால், கல்பாக்கத்தில் கிளை வைத்திருக்கும் யு.ஜி.சி.-டி.ஏ.இ. (பல்கலைக்கழக மானியக் குழு, அணுசக்தித் துறை) ஆய்வுக் கூட்டமைப்பு பல்கலைக்கழக ஆசிரியர்களோடு கூட்டு ஆய்வுத் திட்டங்கள் நடத்துகிறது. பொருளறிவியல்காரர்களுக்கு நல்ல இடம். மாணவர் திட்டங்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் உதவுகிறது. 2023-ல் சட்டமாகி, மத்திய அரசின் பழைய ஆய்வு நிதி வாரியமான எஸ்.இ.ஆர்.பி.யைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையிலும் கூட்டு ஆய்வுக்குத் திட்டங்கள் உண்டு, ஆனால் அவை பெரிய மீன்கள். விதை நிதியில் ஒரு முடிவு கையில் வந்த பிறகு அங்கே போகலாம்.

படி 5: பட்ஜெட்

எங்கள் இரண்டு லட்சத்தைப் பிரித்த விதம் இது. ரசாயனம், கண்ணாடிச் சாமான் 45,000. டெஃப்லான் உறை போட்ட ஆட்டோகிளேவ் (இறுக மூடிச் சூடாக்கும் பாத்திரம்) இரண்டு, 25,000. அளவீட்டுக் கட்டணம் 70,000. ஒரு எம்.எஸ்சி. மாணவிக்கு உதவித்தொகை 30,000. பயணம் 15,000, இதர செலவு 15,000.

கவனியுங்கள், பெரிய கருவி எதுவும் இல்லை. சீட் மணியில் கருவி கேட்டால் மதிப்பீட்டாளர் முதலில் அதில்தான் கை வைப்பார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுக்கும் எஸ்.இ.எம். படம், பொடியின் மேற்பரப்பை அளக்கும் பெட் (BET) சோதனை போன்றவற்றுக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸில் உள்ள சைஃப் (SAIF) மாதிரியான பொதுக் கருவி மையங்களில் மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எந்தக் கருவி எந்த ஊரில் இருக்கிறது என்று தேட அரசின் ஐ-ஸ்டெம் தளம் இருக்கிறது. கட்டணப் பட்டியலைப் பார்த்து, மாதிரி எண்ணிக்கையால் பெருக்கி, அந்தக் கணக்கையே விண்ணப்பத்தில் காட்டுங்கள். 70,000 எப்படி வந்தது என்று யாரும் கேட்கவே மாட்டார்கள்.

எல்லாப் பொடிக்கும் எல்லாச் சோதனையும் வேண்டாம். நாங்கள் அத்தனைக்கும் எக்ஸ்.ஆர்.டி. எடுத்தோம், தேறிய நான்குக்கு மட்டும் பெட். அம்மோனியத்தை அளப்பது எங்கள் ஸ்பெக்ட்ரோமீட்டரிலேயே முடிந்தது. அம்மோனியத்தை நிறமாற்றத்தால் காட்டும் நெஸ்லர் கரைசலில் பாதரசம் இருக்கிறது, மாணவர்கள் கையில் அதைக் கொடுக்க மனம் வரவில்லை. பாதரசம் வேண்டாத இண்டோஃபீனால் நீல முறைக்கு மாறினோம்.

படி 6: கால அட்டவணை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கால்வாய் நீர் நீர்த்துப்போகும், சில நாள் கரைக்குப் போகவே முடியாது. மழைக்கு முன் ஒரு முறை, கோடையில் ஒரு முறை என்று தண்ணீர் எடுப்பதைப் பிரித்து எழுதுங்கள். ஊர் தெரிந்தவர் எழுதியது என்று படிப்பவருக்கு உடனே தெரியும். கருவி மையங்களில் வரிசை உண்டு, அதற்கும் சில வாரங்கள் ஒதுக்குங்கள்.

சாம்பல் கேட்டு முதல்வர் கையொப்பத்தோடு மின் நிலையத்துக்குக் கடிதம் கொடுப்பதும் இந்த அட்டவணையில் வரட்டும். உலர் சாம்பல் வேண்டுமா, தண்ணீரோடு சேர்த்துக் குட்டையில் கொட்டிவைத்த குட்டைச் சாம்பலா என்று அதிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றல்ல. குட்டையில் கிடந்தது தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, வேறு குணத்துக்கு வந்திருக்கும். ஒரே தடவையில் போதுமான அளவு வாங்கி, தேதி எழுதி மூடி வையுங்கள். நடுவில் தீர்ந்து புதுச் சாம்பல் வாங்கினால் பழைய முடிவோடு ஒப்பிட முடியாது. நாங்கள் ஒரு பக்கெட் வாங்கினோம், இரண்டு வாங்கியிருக்க வேண்டும்.

படி 7: பணம் வந்த பிறகு

ஒவ்வொரு ரசீதும் திட்டத்தின் பெயரில் இருக்கட்டும், உங்கள் பெயரில் வேண்டாம். அரசுப் பணமாக இருந்தால் முடிவில் அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று கொடுக்க வேண்டும். மிச்சப் பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பணம் வங்கியில் கிடந்த நாளுக்கு விழுந்த வட்டியையும் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. சில நூறு ரூபாய் வட்டியை விட்டுவிட்டுக் கணக்கை அனுப்பினேன், கோப்பு திரும்பி வந்தது. சரி செய்து மறுபடி அனுப்புவதற்குள் அடுத்த விண்ணப்பத்தின் கடைசித் தேதி போய்விட்டது.