தைராய்டு கோளாறு உள்ளவர்கள் உடற்பயிற்சியைப் பாதுகாப்பாகத் தொடங்குவது எப்படி?

தைராய்டு மாத்திரையை எழுதித் தரும் மருத்துவர், கூடவே "தினமும் நடங்கள்" என்றும் சொல்லி அனுப்புவார். எப்போது தொடங்குவது, எவ்வளவு வேகமாக நடப்பது, என்ன தெரிந்தால் நிறுத்துவது என்பதையெல்லாம் விளக்கிச் சொல்ல, கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் நேரம் இருப்பதில்லை. அதனால் பலரும் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வேலூர்க் கோட்டை மைதானத்துக்குப் போய், அவர்கள் வேகத்துக்கே தாமும் நடந்து, இரண்டு வாரத்தில் கால்வலியோடு பயிற்சியைக் கைவிட்டு விடுகிறார்கள். தைராய்டு உள்ளவருக்கு அளவுகோல் அவருடைய நாடித்துடிப்பும், சிகிச்சை எந்த நிலையில் இருக்கிறது என்பதும்தான். அடுத்தவர் நடையைப் பார்த்து நம் அளவை முடிவு செய்யக் கூடாது.

முதலில் உங்களுக்கு இருப்பது எந்த வகை என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்திருந்தால் உடலின் இயக்கம் முழுவதும் மந்தமாகும். நாடித்துடிப்பு குறையும், தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளும், மூட்டுகள் விறைக்கும். சுரப்பு மிகுந்திருந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே இதயம் படபடக்கும், கை நடுங்கும், வியர்வை கொட்டும், சாப்பிட்டும் எடை குறையும். "எனக்குத் தைராய்டு இருக்கிறது" என்று மட்டும் சொல்லிக்கொள்பவர்கள் நம்மிடையே ஏராளம். உடற்பயிற்சியைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் வழி வேறு.

சுரப்புக் குறைவு உள்ளவர்கள் மாத்திரை தொடங்கிய அன்றே பழைய பலம் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இந்த மாத்திரையில் உள்ள லெவோதைராக்சின் மெதுவாக வேலை செய்யும் மருந்து. அளவு சரியாக இருக்கிறதா என்பதை அறிய 6 முதல் 8 வாரங்கள் கழித்தே டி.எஸ்.எச். என்னும் தைராய்டு இரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்வார்கள். அதுவரை சமதரையில் 10 நிமிட நடை போதுமானது. உடல் ஏற்றுக்கொண்டால் வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். வாரம் 150 நிமிட மிதமான பயிற்சியும், இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் பெரியவர்களுக்குத் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த இலக்கை எட்ட மூன்று மாதம் ஆனாலும் குறையொன்றும் இல்லை. இன்றைய பயிற்சி அதிகமா என்பதை நாளைய காலை சொல்லிவிடும்: மறுநாள் வீட்டு வேலையே மலைப்பாகத் தோன்றினால், முந்தைய நாள் அளவு மீறிவிட்டீர்கள் என்று பொருள்.

குடியாத்தம் பக்கம் நாள் முழுவதும் குனிந்து பீடி சுற்றும் பெண்களைப் போல, ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு நடை மட்டும் போதாது. நாற்காலியில் கையை ஊன்றாமல் மெல்ல எழுந்து உட்காருவதைப் பத்து முறை செய்தாலே தொடைத் தசைகளுக்கு நல்ல வேலை கிடைக்கும். தொடக்கத்திலேயே கனமான எடை தூக்குவது வேண்டாம். சுரப்பு மிகவும் குறைந்திருக்கும்போது தசைகள் எளிதில் சிதையும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையும் உட்கொள்பவருக்கு அந்த ஆபத்து கூடும். பயிற்சிக்குப் பின் கடுமையான தசைவலியுடன் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காலை நேரத்தை இப்படி அமைத்துக்கொள்வது நல்லது. எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்குமுன் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து, 30 விநாடிகள் துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டு நடக்கக் கிளம்புங்கள். மாத்திரைக்கும் காபி, டிபனுக்கும் இடையே அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பதால், காத்திருக்கும் நேரமே நடக்கும் நேரமாகிவிடும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை இதிலிருந்து 4 மணி நேரம் தள்ளியே சாப்பிட வேண்டும். தினமும் குறிக்கும் நாடித்துடிப்பு படிப்படியாக ஏறி 100-ஐத் தாண்டுவது, கை நடுங்குவது, தூக்கம் கெடுவது ஆகியவை மாத்திரையின் அளவு அதிகமாகிவிட்டதைக் காட்டலாம். நீங்களாகவே மாத்திரையைக் குறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எடை சீக்கிரம் குறையட்டும் என்று ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொள்வது இதயத்தைப் பாதிக்கும் விபரீதம். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

சுரப்பு மிகுந்தவர்களுக்கு நான் சொல்வது கண்டிப்பானது: கட்டுக்குள் வரும் வரை ஓட்டம், ஸ்கிப்பிங், ஜிம் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இதயத்தை மேலும் விரட்டினால் அதன் தாளமே தவறிப்போகும் அபாயம் உண்டு. ஓய்வில் நாடித்துடிப்பு 100-க்கு மேல் இருக்கும் நாளில் நடையையும் விட்டுவிடுங்கள். படபடப்பைக் குறைக்க புரோப்ரனோலால் சாப்பிடுபவருக்கு மருந்தே துடிப்பை அடக்கி வைத்திருக்கும். ஆகவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாமல், நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்வதே சரி. சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை எடுப்பவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் அது வெறும் சளி என்று விட்டுவிடக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கக் கூடும் என்பதால் பயிற்சியை நிறுத்தி, மருத்துவரை அழைத்து, அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இனி நம் ஊர் வெயில். வேலூரில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டை மாலையிலும் கக்குவதால் ஆறு மணிக்குக்கூட அனல் அடங்காது. சுரப்பு குறைந்தவருக்கு வியர்வை குறைவாகச் சுரப்பதால் உடல் எளிதில் தணியாது. சுரப்பு மிகுந்தவருக்கோ உடலுக்குள்ளேயே வெப்பம் அதிகம். இருவரும் ஏப்ரல், மே மாதங்களில் விடியற்காலையிலேயே நடையை முடித்துவிட வேண்டும். வியர்த்தால்தான் பயிற்சி என்று எண்ணி வெயில் ஏறிய பின் நடப்பதை அக்னி நட்சத்திர நாட்களிலாவது விட்டுவிடுங்கள். உப்பு போட்ட நீர்மோர் நல்லது. இரத்த அழுத்தம் உள்ளவர் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேண்டுதலும் எங்கள் வேலூர்ப் பகுதியில் உடற்பயிற்சியைப் போன்றதுதான். சோளிங்கர் மலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். பரிசோதனை முடிவு சீராகி, வழக்கமான நடையில் மூச்சிரைப்பு இல்லாத நிலை வந்த பிறகு இவற்றை மேற்கொள்ளலாம். அதுவரை சோளிங்கருக்கு ரோப்காரில் போவதால் வேண்டுதலுக்குக் குறை வராது என்பதே என் எண்ணம்.

சர்வாங்காசனம் தைராய்டைத் தூண்டிக் குணப்படுத்தும் என்று பலர் சொல்கிறார்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு உடல் மீண்டும் மந்தமாகும். கழுத்தில் பெரிய கழலை உள்ளவர்களும், தைராய்டு நோயால் கண் பிதுங்கியவர்களும் தலைகீழான ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும்; கழுத்து மடங்கி மூச்சு தடைப்படலாம், கண்ணில் அழுத்தம் கூடலாம்.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், மயக்கம், தாளம் தப்பிய படபடப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அங்கேயே உட்காருங்கள்; சில நிமிடங்களில் தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை அல்லது இதய நோய் உள்ளவர்களும் பயிற்சியைத் தொடங்குமுன் இ.சி.ஜி. எடுத்துக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

முடி வளர்ச்சிக்கும் ஜிம்மிலும் கொடுக்கப்படும், பயோட்டின் என்ற வைட்டமின் கலந்த மாத்திரைகள் தைராய்டு பரிசோதனை முடிவைப் பொய்யாகக் காட்டக்கூடும். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பாவது அவற்றை நிறுத்திவிட்டு, அன்றைய தைராய்டு மாத்திரையை இரத்தம் கொடுத்த பின் சாப்பிடலாமா என்று ஆய்வகத்தில் கேட்டுக்கொண்டு, நாடித்துடிப்புக் குறிப்பேட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.