நாலு பாட்டிலில் கடல்: பாசி எந்தச் சத்துக்கு ஏங்குகிறது?

அக்கா மகளுக்குப் பள்ளிக் கண்காட்சிக்கு வந்த தலைப்பு, கடலில் சத்துகளும் பைட்டோபிளாங்டன் (தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி) வளர்ச்சியும். சேலத்தில் கடலுக்கு எங்கே போவது? ஏற்காடு ஏரித் தண்ணீரை வைத்தே செய்து முடித்தோம். ஏரியில் மிதக்கும் நுண்பாசி வேறு இனம், கடலில் இருப்பது வேறு இனம். ஆனால் எந்தச் சத்து முதலில் தீருகிறதோ அதுதான் வளர்ச்சியை நிறுத்தும் என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றே.

ஒரே மாதிரியான 2 லிட்டர் பாட்டில் நான்கு, பஞ்சு, மருந்துக் கடையில் கிடைக்கும் 10 மி.லி. சிரிஞ்சு, இரண்டு வகை உரம். அவ்வளவுதான்.

தண்ணீரைக் கரையோரக் கலங்கலில் மொள்ளாமல் கொஞ்சம் தள்ளி எடுங்கள். கொசுவலையைவிட நெருக்கமான நைலான் துணியில் வடிகட்டுங்கள். தண்ணீரில் துள்ளும் புள்ளிகள் பாசியை மேய்கிற சின்ன விலங்குகள். விட்டால் வளர்வதை எல்லாம் அவையே தின்றுவிடும். 2009-இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து தென் அட்லாண்டிக்கில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாசியை வளர்க்க இரும்பு சல்பேட் தூவிய லோஹாஃபெக்ஸ் சோதனையிலும் இதேதான் நடந்தது. பாசி தழைத்தது, மிதவை விலங்குகள் மேய்ந்து தீர்த்தன. மேய்ச்சலைத் தாங்கக்கூடிய டயட்டம் என்ற ஓடுள்ள நுண்பாசி வளரவில்லை, ஏனென்றால் அதன் ஓட்டுக்கு வேண்டிய சிலிக்கேட் அந்தத் தண்ணீரில் குறைவு.

அடுத்தது உரம். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது, நிதானமாகப் படியுங்கள். டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் வாங்காதீர்கள். அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) 18, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 46 சதவீதம் என்று இரண்டும் இருக்கிறது; எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. உரக்கடையில் சொட்டுநீர் விவசாயிகள் வாங்கும் 13-0-45, 0-52-34 இரண்டையும் கேளுங்கள். எண்கள் வரிசையாகத் தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம். முன்னதில் நைட்ரஜன், பின்னதில் பாஸ்பரஸ். இரண்டிலும் சாம்பல்சத்து (பொட்டாசியம்) உண்டு, இந்தச் சோதனைக்கு அதனால் தொந்தரவில்லை.

மூட்டையில் இருக்கும் 52 என்பது பாஸ்பரஸின் அளவு இல்லை, பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கு. 0.436-ஆல் பெருக்கினால்தான் உண்மையான பாஸ்பரஸ் வரும்: சுமார் 22.7 சதவீதம். 13 மட்டும் நேரடியாக நைட்ரஜன்தான். இதைக் கவனிக்காமல் கலந்தால் விகிதமே மாறிப்போகும். கடல் பாசியின் உடலில் சராசரியாக 16 நைட்ரஜன் அணுவுக்கு 1 பாஸ்பரஸ் அணு இருக்கும். ரெட்ஃபீல்ட் விகிதம் என்பது இதுதான். எடையில் சொன்னால் ஏறக்குறைய 7.2-க்கு 1.

இந்த விகிதத்துக்கு ஏற்ற அளவு இதோ. 1 கிராம் 13-0-45-ஐ ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அதில் 10 மி.லி. எடுத்தால் 1.3 மில்லிகிராம் நைட்ரஜன். 1 கிராம் 0-52-34-ஐயும் ஒரு லிட்டரில் கரையுங்கள். அதில் 100 மி.லி. எடுத்து மறுபடி ஒரு லிட்டராக்குங்கள். இந்த நீர்த்த கரைசலில் 8 மி.லி. எடுத்தால் 0.18 மில்லிகிராம் பாஸ்பரஸ். ஒரு கிராமை நிறுக்க சமையலறைத் தராசு சரிப்படாது. சேலத்துக்காரர்களுக்குக் கவலை இல்லை, தெரிந்த கொலுசுப் பட்டறையில் நிறுத்துத் தருவார்கள்.

நான்கு பாட்டிலிலும் ஒரு லிட்டர் ஏரித் தண்ணீர். ஒன்றில் எதுவும் சேர்க்க வேண்டாம், ஒன்றில் 10 மி.லி. நைட்ரஜன் கரைசல், ஒன்றில் 8 மி.லி. பாஸ்பரஸ் கரைசல், கடைசியில் இரண்டும். வாயைப் பஞ்சால் அடைத்து வெளிச்சமான வடக்கு ஜன்னலில் வையுங்கள். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம், மலைத் தண்ணீர்ப் பாசி சேலத்து வெயிலில் வெந்துவிடும். தினமும் இரண்டு முறை குலுக்குங்கள்.

பச்சையை அளக்க, வெளிச்சம் அளக்கும் செல்போன் லக்ஸ் ஆப்கள் எனக்குப் பிடிக்காது, போனுக்குப் போன் மாறும். குலுக்கிவிட்டு, பின்னால் ஏ4 தாள் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் நான்கையும் ஒரே படத்தில் எடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் வித்தியாசம் தெரியும்.

எந்தப் பாட்டில் முந்துகிறதோ அந்தச் சத்துதான் பற்றாக்குறை. இரண்டும் சேர்ந்தது மட்டும் பச்சையானால் இரண்டுமே குறைவு. ஏரிகளில் பெரும்பாலும் பாஸ்பரஸ் முந்தும். 1973-இல் கனடாவின் 226-ஆம் எண் ஏரியைத் திரையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். அந்தப் பாதி பச்சையானது. கடல் மேற்பரப்பில் பெரும்பாலான இடங்களில் நைட்ரஜன்தான் முதலில் தீரும். அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று ஆழத்து நைட்ரேட்டை (நைட்ரஜன் சத்தை) மேலே கொண்டுவருவதால் சோமாலியா, ஓமன் கரையோரம் பாசி பெருகும். வங்கக் கடலில் ஆற்று நீர் மேலே மூடிபோல மிதந்து, ஆழத்து நீர் மேலே வந்து கலப்பதைத் தடுக்கிறது. அண்டார்டிகாவைச் சுற்றிய கடலில் நைட்ரேட் ஏராளம், ஆனால் பாசிக்கு வேண்டிய இரும்பு மிகக் குறைவு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை என்பதால் இரும்புக்குத் தனி பாட்டில் வைக்கவில்லை.

பின்சேர்க்கை: சேலத்து மூக்கனேரித் தண்ணீரில் நான்கு பாட்டிலும் ஒரே பச்சை என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தத் தண்ணீரில் சத்து ஏற்கெனவே நிறைய இருந்திருக்கும். ஒரு பங்கு ஏரித் தண்ணீருக்கு ஒன்பது பங்கு பாட்டில் குடிநீர் கலந்து ஆரம்பியுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், குளோரின் இருக்கும்.

இன்னொருவருக்கு பாஸ்பரஸ் பாட்டில் முதல் வாரம் சும்மா இருந்து, அப்புறம் பச்சையானதாம். நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம்; அதில் சில வகைகள் காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். கடலில் டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சைப் பாசி செய்வதும் அதே வேலைதான், அதற்கு இரும்பும் பாஸ்பரஸும் கிடைக்க வேண்டும். அதனால் கடைசி நாள் படத்தை மட்டும் வைத்து முடிவு எழுதாதீர்கள், தினசரிப் படங்களை வரிசையாக ஒட்டுங்கள்.