பாலிக் புலாவ் வயல்வெளியிலிருந்து புலாவ் பெத்தோங் வரை: நடைப்பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்குத் தீவின் தென்மேற்கே, பாலிக் புலாவ் வட்டாரத்து நெல்வயல்களையும் பழத்தோட்டங்களையும் கடந்து புலாவ் பெத்தோங் மீனவர் கம்பத்துக்கு (சிற்றூருக்கு) செல்லும் ஒருநாள் நடையில் மலையேற்றம் இல்லை என்பதால், அதற்கு எந்த ஆயத்தமும் தேவையில்லை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். வயலும் தோட்டமும் கடலும் அங்கு உழைப்பவர்களின் நேரத்துக்கு இயங்குபவை. நமக்கு வசதியான நேரத்தை மட்டும் பார்த்துப் புறப்படுவதே முதல் தவறு.

ஜார்ஜ்டவுனில் பசியாறிவிட்டுப் பத்து மணிக்கு நடக்கத் தொடங்குவோர், நிழலற்ற வயல்வெளியை உச்சிவெயிலில் கடக்க நேர்கிறது. விடிந்ததும் நடக்கத் தொடங்குவதே நல்லது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

கடல் வற்றும் நேரத்தையும் பெருகும் நேரத்தையும் பாராமல் நாளைக் குறிப்பது அடுத்த தவறு. இக்கரையில் நாளுக்கு இருமுறை நீர் பெருகி, இருமுறை வற்றுகிறது. அந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவதால், சென்ற வாரம் போய்வந்த நண்பர் சொன்ன நேரம் இந்த வாரத்துக்குப் பொருந்தாது. வற்றிய வேளையில் போய்ச் சேர்ந்தால், சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகுகளைத்தான் காண முடியும். படகுகள் கரை திரும்பி, வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்கும் வேலையைப் பார்க்க விரும்புவோர், வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டு நாளைத் தீர்மானிக்க வேண்டும்.

வரப்பில் நடக்கும் முறையில் நிகழும் தவறையே நான் மிகக் கடுமையானதாகக் கருதுகிறேன், ஏனெனில் அதன் இழப்பு நமக்கன்று, விவசாயிக்கு. வரப்பு என்பது சேற்றை அணைத்துக் கட்டிய மண்தான். படம் எடுப்பதற்காக இருவர் அருகருகே நின்றால் விளிம்பு சரிகிறது. அந்த உடைப்பின் வழியாக மேல்வயலின் நீர் கீழ்வயலுக்கு வடியத் தொடங்குகிறது. ஆகவே ஒருவர் பின் ஒருவராக, நடுவில் கால்வைத்து நடக்க வேண்டும். அறுவடை முடிந்து வெறுமையாகத் தெரியும் வயலானாலும், உரியவரின் அனுமதியின்றி இறங்கக் கூடாது.

ரப்பர் செருப்போடு வருவதும், காலில் உள்ள சிறு காயத்தை மூடாமல் வயல்நீரில் இறங்குவதும் ஆபத்தானவை. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி காயத்தின் வழியாக உடலுக்குள் புகக்கூடும். நடைக்குப் பின் சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ காய்ச்சலும் கடுமையான தசைவலியும் கண்டால், மருத்துவரிடம் வயலில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டுரியான் பருவத்தில் மரத்தடியில் ஓய்வெடுக்க வேண்டாம். பழுத்த காய் தானாகவே விழும். விழுந்து கிடக்கும் பழமும் தோட்டக்காரரின் விளைச்சலே என்பதால், கேட்காமல் எடுப்பது திருட்டாகும்.

மலேசியாவில் சுற்றுலா வழிகாட்டிக்கு 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். கட்டணம் குறைவு என்பதற்காக உரிமம் இல்லாதவரை நம்பிச் செல்லாதீர்கள். உரிம அட்டையைக் காட்டச் சொல்வதில் தயக்கமும் வேண்டாம். நல்ல வழிகாட்டி, எந்தத் தோட்டத்தில் யாரிடம் அனுமதி பெற்றிருக்கிறார் என்பதைக் கேட்டதும் சொல்லிவிடுவார்.

புலாவ் பெத்தோங்கில் பெரும்பாலோர் மலாய் முஸ்லிம்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஆண்கள் தொழுகைக்குச் செல்வதால், அந்நேரத்தில் சாப்பாட்டுக்கடை திறந்திருக்கும் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம். தோளும் முழங்காலும் மறையும் உடை அணியுங்கள்; வலை பின்னிக்கொண்டிருப்பவரைப் படமெடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

திரும்பும் வண்டியைப் புறப்படும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஜார்ஜ்டவுனிலிருந்து பாலிக் புலாவ் வரை 401E பேருந்து உண்டு என்றாலும், கடற்கரையிலிருந்து பாலிக் புலாவ் பேருந்து நிலையத்துக்கு வெயிலில் மீண்டும் நடப்பது, குறிப்பாக முதியவர்களும் பிள்ளைகளும் உடன் இருந்தால், இயலாத காரியம்.