பயாப்ஸி ரிப்போர்ட் மட்டும் போதாது: ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வீட்டு ஆளுங்க பண்ற தப்புகள்

எங்கப்பாவுக்கு கேன்சர்னு சொன்னப்ப மும்பை பரேல் டாடா ஆஸ்பத்திரில அலைய ஆரம்பிச்சது, இப்பவும் ஹிந்தி தெரியாம கவுண்டர்ல முழிக்கிற நம்ம ஊர் ஆளுங்களுக்கு கூடப் போய் பேசிக் குடுத்துட்டு இருக்கேன். வர்றவங்க எல்லாம் நாங்க அடிச்ச அதே கூத்தத்தான் அடிக்கிறாங்க. தைரியமா இருங்க, யூடியூப் பாக்காதீங்க இதெல்லாம் நான் சொல்லல, அதுக்குத்தான் சொந்தக்காரங்க இருக்காங்களே.

ப்ளாக் இல்லாம ரயிலேறி வர்றது

நினைச்சாலே பத்திக்கிட்டு வருது. திருநெல்வேலி பக்கத்துலருந்து ஒரு அக்கா, வீட்டுக்காரருக்கு வாய்ல புண்ணு, பையில ஸ்கேன் ஃபிலிம் இருக்கு, பயாப்ஸி ரிப்போர்ட்ட லேமினேட் வேற பண்ணி வெச்சிருக்காங்க. ப்ளாக் எங்கக்கான்னா "அப்படின்னா என்ன தம்பி?"ங்கறாங்க. பயாப்ஸில எடுத்த சதைய மெழுகுல பதிச்சு சின்ன பிளாஸ்டிக் கூட்டுல வெச்சிருப்பாங்க, தீப்பெட்டி சைஸ்கூட இருக்காது, ஓரத்துல நம்பர் எழுதியிருக்கும், அதுதான் ப்ளாக். அதுலருந்து சீவி கண்ணாடில ஒட்டினது ஸ்லைடு. பெரிய ஆஸ்பத்திரில வெளி ரிப்போர்ட்ட மட்டும் நம்பி கீமோ ஏத்த மாட்டாங்க, அவங்க பேத்தாலஜி டாக்டர் தன் கண்ணால பாக்கணும். மார்புல வந்ததுன்னா, எந்த மருந்து கேக்கும்னு பாக்கற ஈஆர், பிஆர், ஹெர்டூ டெஸ்ட்டுக்கும் அந்த ப்ளாக்லருந்துதான் சீவணும்.

சரி, ஊர்ல இருக்கிற கொழுந்தனார அனுப்பினா லேப்காரன் பேஷண்ட் கையெழுத்து போட்ட லெட்டர் கேக்கறான், வாட்ஸ்அப்ல அனுப்பினா ஒத்துக்க மாட்டேங்கறான், ஒரிஜினல கூரியர்ல அனுப்பி அது போய்ச் சேர்ந்து ப்ளாக் இங்க வர்ற வரைக்கும் தாதர்ல ரூம் வாடகை ஏறிட்டே இருக்கு, அந்த மனுஷன் வாயத் திறக்க முடியாம கஞ்சிய உறிஞ்சிட்டு ஃபுட்பாத்ல உக்காந்திருக்காரு. ஒரு ப்ளாக்குக்காக!

அதனால கேன்சர்னு ரிப்போர்ட் வந்த அன்னிக்கே லேப்ல எழுதிக் குடுத்து எல்லா ப்ளாக்கையும் ஸ்லைடையும் வாங்கிடுங்க. அதுல இருக்கிற நம்பரும் ரிப்போர்ட் நம்பரும் ஒண்ணான்னு அங்கயே நின்னு பாருங்க. ஸ்லைடு உடையாம டப்பால போடுங்க, ப்ளாக் மெழுகுங்க, மே மாச வெயில்ல கார் டேஷ்போர்டுல வெச்சுட்டு டீ குடிக்கப் போகாதீங்க. ஸ்கேனுக்கும் ஃபிலிம் மட்டும் பத்தாது, படம் பதிஞ்ச சிடி டிஸ்க்கும் கேட்டு வாங்குங்க.

பல் டாக்டர பாக்காம விடறது

வாய், தொண்டைக்கு ரேடியேஷன் குடுக்கப் போறாங்கன்னா சொத்தைப் பல்லுல காப்பாத்த முடியாதத முன்னாடியே புடுங்கணும். ரேடியேஷன் குடுத்தப்புறம் புடுங்கினா தாடை எலும்பு ஆறாம அழுகிப் போற அபாயம் இருக்கு. காத்திருக்கிற நாள்ல உருப்படியா பண்ண வேண்டிய வேலை இதுதான், ஆனா யாரும் பண்றதில்ல. புகையிலைய விட வைக்கறதும் இப்பவே.

"அதுவரைக்கும்" நாட்டு மருந்து

ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கிற வரைக்கும்னு குடுக்கற நாட்டு மருந்து லிவர பாதிக்கலாம், லிவர் டெஸ்ட் எகிறினா கீமோ தேதி தள்ளிப் போகும். போதுமா?

குழந்தை பத்தி கேக்க வெக்கப்படறது

கல்யாணமாகாத பையன்னா கீமோவுக்கு முன்னாடியே விந்து சேமிக்கலாம், பொண்ணுக்கு கருமுட்டை. டாக்டரே சொல்லுவாருன்னு இருக்காதீங்க.

முழுக் காசு குடுத்து ரயில் டிக்கெட்

டாக்டர்கிட்ட ரயில்வே ஃபார்ம்ல கையெழுத்து வாங்கினா ஸ்லீப்பர்லயும் தேர்ட் ஏசிலயும் பேஷண்டுக்கு ஃப்ரீ, கூட வர்ற ஒருத்தருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.

அப்பாயின்ட்மென்ட் தேதியையே பிடிச்சுட்டு உக்காந்திருக்கிறது

ரத்தம் நிக்காம போகுது, மூச்சு வாங்குது, தண்ணிகூட இறங்கல, முதுகு வலியோட கால் திடீர்னு பலமில்லாம போகுது, இதுல எது வந்தாலும் இருபதாம் தேதிதானே வரச் சொன்னாங்கன்னு யோசிக்காதீங்க. அன்னிக்கே கேஷுவால்டி. கால் விஷயம்னா அன்னிக்கு ராத்திரியே, விடியட்டும்னுகூட பாக்காதீங்க, தண்டுவடம் அமுங்கினா அப்புறம் நடக்க வைக்கறது கஷ்டம்.